பிள்ளைத்தாய்ச்சி உடை, ஆர்கானிக் துணி: பாளையங்கோட்டையில் குடும்பத் தொழிலாகத் தொடங்குவது எப்படி?

திருநெல்வேலி டவுனில் பார்த்து வைத்திருக்கும் கடைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள், தம்பி. மற்றதெல்லாம் அதற்கப்புறம் பேசலாம்.

கேள்வியைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கம்: பாளையங்கோட்டைக் குடும்பம். கணவருக்குப் பெங்களூரில் வேலை. மனைவிக்குத் தையல் நன்றாக வரும், அம்மாவும் தங்கையும் கூடமாட இருப்பார்கள். கையில் 6 லட்சம் ரூபாய். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஆர்கானிக் பருத்தியில் உடை தைத்து, சொந்த பிராண்ட் பெயரில் விற்க ஆசை. டவுன் ரதவீதிப் பக்கம் ஒரு கடை வாடகைக்கு வருகிறது. வேலையை விடலாமா, எங்கே தொடங்குவது, லோன் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். நான் திருப்பூரில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தவன். இப்போது நெல்லைப் பக்கம் சின்னச் சின்ன தையல் யூனிட்டுகளுக்குத் துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் போட்டுக் கொடுக்கிறேன்.

இந்தத் தொழிலைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவதெல்லாம் பெருநகரத்துக் கணக்கு. அங்கே ஆபீஸ் போகும் பெண் ஐந்தாம் மாதமே தனக்கான பேன்ட்டையும் டாப்ஸையும் தானே ஆர்டர் போட்டுக்கொள்கிறாள். நம்ம ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடித்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபின், அவளுக்குத் துணி எடுப்பது அம்மாதான். துட்டு அந்த அம்மா கையில் இருக்கிறது. கடையில் அவர் சொல்வது இதுதான்: “நாலு மாசத்துக்கு எதுக்குட்டி ஆயிரம் ரூவா? பெரிய சைசு நைட்டி ரெண்டு எடுத்தாப் போதும்லா.”

அதை மறுத்துப் பேச முடியாது. வயிறு தெரிய ஆரம்பித்துப் பிரசவம் வரைக்கும் நாலைந்து மாதம். அதற்கென்று தனி உடை வாங்குவது நம்மவர்களுக்கு வீண் செலவாகத்தான் படும். ஆனால் பால் கொடுப்பது நாலு மாதத்தில் முடிகிற காரியம் இல்லை. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரைக்கும், அதற்கு மேலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு வருடம் கொடுக்கிற தாய்க்கே துவைத்து மாற்ற ஐந்தாறு நைட்டி வேண்டும். ஆகவே உங்கள் முதல் சரக்கு, ஏழாம் மாதத்தில் வயிற்றுக்கு இடம் கொடுத்து, பிள்ளை பிறந்தபின் ஒரு வருடம் ஓடுகிற ஃபீடிங் நைட்டி. கர்ப்பகால பேன்ட், ஜீன்ஸ், போட்டோ எடுக்கும் கவுன் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். “ஏழாம் மாசத்துல இருந்து பிள்ளைக்கு ஒரு வயசு வரைக்கும்” என்று சொல்லிப் பாருங்கள். அதே அம்மா உட்கார்ந்து விலை கேட்பார்.

குழந்தை உடையில் இன்னொரு சங்கதி. பிறக்கும் முன்னே பிள்ளைக்குத் துணி வாங்கி வைப்பதை நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் விரும்புவதில்லை. பிறந்தவுடன் பழைய வேட்டியிலோ, பலமுறை துவைத்த நூல் சேலையிலோதான் சுற்றுவார்கள். அப்புறம் அத்தை, சித்தி, ஆச்சி என்று ஒவ்வொருவராக வாங்கி வருவார்கள். எனவே ஜப்லா என்கிற கைக்குழந்தைச் சட்டையை ஒன்பதாம் மாதத்தில் விற்கப் போகாதீர்கள். வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியிலோ ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலோ ராத்திரி பிள்ளை பிறந்தால், மறுநாள் காலை போன் வந்ததும் பத்து மணிக்குள் பை போய்ச் சேர வேண்டும். பெரிய ஆன்லைன் கம்பெனியால் இதை உங்களைப் போல் செய்ய முடியாது. பழைய வேட்டியின் மெதுமெதுப்பு உங்கள் புதுத் துணியில் இருக்கிறதா என்றுதான் ஆச்சி தடவிப் பார்ப்பாள். கஞ்சி ஏறிய மொடமொடப்பான துணியை அப்படியே தைக்காதீர்கள். முதலில் தண்ணீரில் ஊறவைத்து அலசி, நிழலில் உலர்த்தி, பிறகு வெட்டுங்கள். சுருங்குகிற துணி அங்கேயே சுருங்கிவிடும். 54 அங்குல நைட்டி 5 சதவீதம் சுருங்கினால் இரண்டே முக்கால் அங்குலம் மேலே ஏறிவிடும். அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார்.

இனி தையல். உங்கள் வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்த வேலைதான், இருந்தாலும் சாதாரண நைட்டிக்கும் இதற்கும் வித்தியாசம் நிறைய. நடுவில் ஒரே ஜிப் வைத்தால் பால் கொடுக்க நெஞ்சு முழுக்கத் திறக்க வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் மார்பு வழியாக நீளமாக இறங்கும் பிரின்சஸ் கட் தையலுக்குள் மறைகிற மாதிரி ஏழெட்டு அங்குல ஜிப் இரண்டு வையுங்கள். மெட்டல் ஜிப் ஆகாது, பிள்ளையின் கன்னம் அதில் உரசும். நைலான் இன்விசிபிள் ஜிப் போட்டு, உள்பக்கம் ஒரு பட்டி மடித்துத் தையுங்கள். ஜிப் முடிகிற இடத்தில் நூல் முடிச்சு குத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதை அம்மாவின் வேலையாக வைத்துவிடுங்கள். ஒவ்வொரு பீஸுக்கும் பார்க்கட்டும். மார்புக்குக் கீழே சுருக்கு, இரண்டு பக்கமும் நாடா. கர்ப்பத்தில் நாடாவை விட்டுவிடலாம், பிறகு இழுத்துக் கட்டினால் உடம்புக்குப் பொருந்தும். கை தளர்வாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்க்கும் பட்டையை நர்ஸ் சுற்றும்போது நைட்டியைக் கழற்றச் சொல்லக் கூடாது. மார்புப் பகுதியில் பூப்போட்ட அடர் நிறம் இருந்தால் பால் ஈரம் வெளியே தெரியாது. வெளிர் ஒற்றை நிறம் படத்துக்குத்தான் அழகு.

ஒரு விஷயத்தை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். உங்களிடம் வாங்குகிறவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அடிவயிற்றில் தையல் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது ஓடுகிற, ஒரே துணியில் டாப்ஸும் பேன்ட்டுமாக வரும் கோ-ஆர்டு செட்டில் எலாஸ்டிக் சரியாக அந்த இடத்தில்தான் உட்காருகிறது. பேன்ட் தைப்பதாக இருந்தால் தொப்புளுக்கு மேலே ஏறுகிற அகலப் பட்டி, நாடா. இல்லாவிட்டால் பேன்டே வேண்டாம். நைட்டிக்கு இடுப்பே கிடையாது என்பதால் நம்மூர்ப் பெண்கள் அதை விடுவதில்லை. கேலி செய்கிறவர்கள் செய்துவிட்டுப் போகட்டும்.

நைட்டியோடு என்ன கொடுப்பது? வாசலில் யாராவது கூப்பிட்டால் நம் பெண்கள் என்ன செய்கிறார்கள்? தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு போகிறார்கள். நர்சிங் கவர் என்று ஆன்லைனில் தனி விலை போட்டு விற்பதன் வேலையை அந்தத் துண்டு எப்போதோ செய்துகொண்டிருக்கிறது. மெல்லிய நூலில் கொஞ்சம் அகலமாக, நைட்டி நிறத்துக்குப் பொருத்தமாக ஒரு துண்டு சேர்த்துக் கொடுங்கள். சங்கரன்கோவிலில் தறிக்காரர்களிடம் சொன்னால் நெய்வார்கள். முஸ்லிம் குடும்பங்கள் அதிகமுள்ள மேலப்பாளையத்துக்கு விற்பதாக இருந்தால் முழுக்கை வைத்து, துண்டுக்குப் பதில் பெரிய துப்பட்டாவாகக் கொடுக்க வேண்டும்.

ஜப்லாவைத் தலைவழியாகப் போடுகிற மாதிரி வைக்காமல் முன்பக்கம் திறந்து கட்டுகிற மாதிரி தையுங்கள். நாடா பக்கவாட்டில், சின்னதாக. கழுத்துப் பக்கம் நாடாவே கூடாது. பொத்தான் பிய்ந்து வாய்க்குள் போகும், அதனால் அதுவும் வேண்டாம். ஓரம் பிரியாமல் போடுகிற ஓவர்லாக் தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும். பார்க்க நன்றாயிருக்காது, தோலுக்கு நல்லது. பின்னலாடைத் துணியை முதல் வருடம் தொடாதீர்கள். அதற்கு பிளாட்லாக் மிஷினும் பழகிய கையும் வேண்டும், விலையில் திருப்பூரோடு மோத முடியாது. நெய்த துணிக்கு இரண்டு பவர் மிஷின், ஒரு ஓவர்லாக், ஸ்டீம் அயர்ன், வெட்டுகிற மேசை போதும்.

ஆர்டர் கூடினால் வெளியே தைக்கக் கொடுப்பீர்கள். முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் பீடி சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள். இலையும் தூளும் வாங்கிப்போய் வீட்டில் சுற்றிக் கணக்குப் பார்த்துக் கொடுத்துப் பழகியவர்கள், பீஸ் ரேட் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தையல் தெரிந்தவர்களும் நிறைய. ஆனால் பீடி சுற்றுகிற வீட்டுக்குள் உங்கள் துணி போகக் கூடாது. பருத்தி வாசனையை இழுத்து வைத்துக்கொள்ளும். புகையிலை நெடி அடிக்கிற ஜப்லாவை எந்தத் தாயும் பிள்ளைக்குப் போடமாட்டாள். அவர்களைத் தைக்கக் கூப்பிடுவதானால் உங்கள் இடத்துக்கு வரச்சொல்லித் தைக்க வைப்பதே சரி. வந்துபோக பஸ் காசும் கொடுங்கள்.

ஆர்கானிக் என்பதில்தான் உங்களைப் போன்றவர்கள் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். இந்தியாவில் பருத்தி விளைகிற நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றிய பி.டி. பருத்தி, அது ஆர்கானிக்கில் சேராது. ஆர்கானிக் பருத்தி பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத், ஒடிசா பக்கமிருந்து வருகிறது. ஈரோட்டில் ஒரு தான் துணியைக் காட்டி “ஆர்கானிக் சார்” என்று சொன்னால், தொட்டுப் பார்த்தோ எரித்துப் பார்த்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது. எரித்தால் பருத்தியா பாலியஸ்டரா என்பதுதான் தெரியும். பருத்தி விளைந்த விதம் காகிதத்தில் மட்டுமே தெரியும்.

அந்தக் காகிதம் இப்படி ஓடுகிறது. வயலுக்கு, இயற்கை விளைச்சலுக்கான அரசின் என்.பி.ஓ.பி. விதிப்படி சான்று. அதன்பின் ஜின்னிங் (கொட்டை நீக்குவது), நூற்பு, நெசவு, சாயம், தையல் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் காட்ஸ் (GOTS) என்கிற உலக ஆர்கானிக் ஜவுளித் தரச் சான்று வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் எல்லாம் போச்சு. 95 சதவீதமாவது ஆர்கானிக் நூல் இருந்தால் ‘ஆர்கானிக்’ என்றும், 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ‘ஆர்கானிக் நூல் கலந்தது’ என்கிற மாதிரியும் போடலாம். துணி விற்கிறவரிடம் இரண்டு காகிதம் கேளுங்கள். ஒன்று அவருடைய ஸ்கோப் சர்டிபிகேட். அது அந்த நிறுவனத்துக்கு அனுமதி உண்டு என்பதைத்தான் காட்டும். மற்றது டி.சி. என்கிற பரிவர்த்தனைச் சான்று. உங்களுக்கு விற்ற அந்த லாட் ஆர்கானிக்தான் என்பதை அது காட்டும். முதல் காகிதத்தின் ஜெராக்ஸை மட்டும் நீட்டுபவர்கள் அதிகம். உரிம எண்ணைக் காட்ஸ் அமைப்பின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம்.

சான்றுள்ள துணியை வாங்கி உங்கள் வீட்டு மிஷினில் தைத்தாலும் காட்ஸ் முத்திரையை நீங்கள் போட முடியாது. தைக்கிற இடமும் சான்று பெற்றிருக்க வேண்டும். அதற்கு ஆண்டுதோறும் கட்டணம், ஆய்வு எல்லாம் உண்டு. 6 லட்சத்தில் தொடங்குகிறவருக்கு அது சுமை. முத்திரையோடுதான் விற்பேன் என்றால், சான்றுள்ள திருப்பூர் யூனிட்டில் ஜாப் ஒர்க்காகக் கூலிக்குத் தைக்கக் கொடுங்கள். அவர்கள் தங்கள் உரிம எண்ணோடு லேபிள் போட்டுத் தருவார்கள். லேபிளைச் சான்றளிக்கிற நிறுவனம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஓகோ டெக்ஸ் என்று ஒன்றைச் சொல்லி ஆர்கானிக் என்று விற்பார்கள். அது வேறு. துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்ற சோதனை அது, பருத்தி எப்படி விளைந்தது என்பதோடு சம்பந்தமில்லை. ஆனால் பிள்ளைத் துணிக்கு என்னைக் கேட்டால் அதுதான் முதலில் வேண்டும். 3 வயது வரையிலான குழந்தைகளின் துணிக்கு அதில் முதல் வகுப்பு என்று தனியாகக் கடுமையான அளவு இருக்கிறது. பிள்ளையின் தோலில் படுவது சாயமும் ஃபினிஷிங் ரசாயனமும். ஆர்கானிக் பருத்தியிலேயே மோசமான சாயம் ஏற்றினால் யாருக்கு லாபம்? குழந்தைக்குச் சாயமேற்றாத கோராத் துணியில் தொடங்குங்கள். பருத்திக்கொட்டைத் துகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அது அழுக்கில்லை என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள்.

காகிதம் இல்லாமல் ‘ஆர்கானிக்’, ‘இயற்கை’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று லேபிளிலோ இன்ஸ்டாகிராமிலோ போடாதீர்கள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே வழிகாட்டுதல் கொண்டுவந்திருக்கிறது. சொன்னதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உங்களுடையது. ‘100 சதவீதம் பருத்தி, துவைத்துத் தைத்தது’ என்று உண்மையைப் போட்டாலே நம்மூரில் விற்கும்.

கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் விளைகிற பருத்தியையே நூலாக்கி நெய்யலாமே என்று கேட்டிருந்தீர்கள். ஆசை நல்ல ஆசைதான். திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரிலேயே தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிய சரக்கு அது. ஹார்வி கம்பெனி 1885-இல் பாபநாசத்தில் மில் வைத்ததும் இந்தப் பருத்தியையும் தாமிரபரணித் தண்ணீரையும் நம்பித்தான். கருங்கண்ணி மாதிரியான நாட்டு ரகங்களில் பி.டி. கிடையாது, மானாவாரியில் விளையும். ஆனால் இழை நீளம் குறைவு, மெல்லிய நூலுக்குச் சரிப்படாது. கொஞ்சம் பஞ்சைக் கொண்டுபோனால் மில்லில் ஓட்டித் தரவும் மாட்டார்கள். நாலைந்து வருடம் கழித்து, கைத்தறிக்காரர்களோடு சேர்ந்து போர்வை, துண்டு என்று யோசிக்கலாம்.

கணக்குக்கு வருவோம். விலைகள் கணக்குப் புரிவதற்குத்தான், உங்கள் கொள்முதல் விலையைப் போட்டுப் பாருங்கள். ஒரு நைட்டிக்கு மூணேகால் மீட்டர். நல்ல சாதாரணப் பருத்தி மீட்டர் 130 ரூபாய் என்றால் துணி 422, ஜிப் 25, வெட்டுக்கும் தையலுக்கும் 110, நூல் லேபிள் கவர் அயர்ன் 35, கழிவுக்கும் ரிஜெக்டுக்கும் 30. ஆக 622 ரூபாய். இதில் உங்கள் வீட்டுக்காரம்மா தைத்தாலும் அந்த 110-ஐக் கழிக்காதீர்கள். வீட்டு ஆள் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் லாபம் என்று சொல்லிக்கொண்டிருக்கிற குடும்பத் தொழில்கள் நம்மூரில் ஏராளம். ஆள் வைத்துத் தைக்கிற நாள் வரும்போதுதான் லாபமே இல்லை என்று தெரியும். கடைக்கும் கூரியருக்கும் ரிட்டர்னுக்கும் இடம் விட்டு 1,100-க்குக் கீழே விற்க முடியாது. துணி மட்டும் சான்றுள்ள ஆர்கானிக், மீட்டர் 230 என்றால் அடக்கம் 947-க்கு வரும், விலை 1,700 ஆகும். டவுனில் 400, 500-க்கு நைட்டி தொங்குகிறது. அதனால்தான் கடை வேண்டாம் என்கிறேன். 1924 முதல் ஆரெம்கேவி ஜவுளிக்கடை இருக்கிற ஊர் இது. ரதவீதிக்கு வருகிற கூட்டம் விலை பார்த்துத் துணி எடுக்கிற கூட்டம். உங்கள் சரக்கை ஒருவர் உட்கார்ந்து விளக்கிச் சொன்னால்தான் விற்கும்.

அரசாங்க வேலைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும், புரோக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை; பெங்களூருக்கு ஒரு நைட்டி விற்று அனுப்பினாலும் பதிவு வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. பிராண்ட் பெயரை ஆடைகளுக்கான 25-ஆம் வகுப்பில் டிரேட்மார்க் பதிய, தனிநபருக்கு ஆன்லைனில் 4,500 ரூபாய் கட்டணம். பெயரைத் தேடிப் பார்க்காமல் லேபிள் அடிக்காதீர்கள்.

லோனில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) புதுத் தொழிலுக்கு மட்டும். மிஷின் வாங்கி ஓட்ட ஆரம்பித்துவிட்டுப் போனால் தகுதி போய்விடும். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள். மனைவி பெயரில் போடுங்கள்: பெண்களுக்கு நகர்ப்புறத்தில் திட்ட மதிப்பில் 25 சதவீதம், கிராமப்புறத்தில் 35 சதவீதம் மானியம், சொந்தப் பணம் 5 சதவீதம் போதும். பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாநகராட்சிக்குள் வருவதால் நகர்ப்புறக் கணக்கு. மாநகராட்சிக்கு வெளியே ஊராட்சிப் பகுதியில் சொந்தக்காரர் வீட்டு மாடி கிடைத்தால், 6 லட்சத் திட்டத்துக்கு மானியம் 1.5 லட்சத்துக்குப் பதில் 2.1 லட்சம். மானியத்தொகை 3 வருடம் வங்கியில் டெபாசிட்டாகத்தான் இருக்கும், உடனே கைக்கு வராது. திட்டம் நடப்பில் இருக்கிறதா, விதி மாறியிருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

மாடி என்று சொன்னது மானியத்துக்காக மட்டுமில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறு ஊருக்குள் வந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஜங்ஷன், மீனாட்சிபுரம் பக்கம் தரைத்தளத்தில் துணி அடுக்கவே அடுக்காதீர்கள். சரக்குக்கு இன்சூரன்ஸ் எடுங்கள்.

பணத்தில் மிஷினுக்கும் மேசைக்கும் ஒன்றேகால் லட்சம், துணிக்கு ஒன்றரை லட்சம். மிச்சத்தைத் தொடாதீர்கள். முதலில் மூன்று டிசைன், நாலு சைஸ். தெரிந்த பிள்ளைத்தாய்ச்சிகள் பத்துப் பேருக்குக் கொடுத்து, துவைத்துத் துவைத்துப் போட்டபின் வாங்கிப் பாருங்கள். ஜிப்பில் பிசகு இருந்தால் அதிலேயே தெரியும். அதன்பின் ஆஸ்பத்திரி மருந்துக்கடைகளில் கன்சைன்மென்டாக, அதாவது விற்றபின் காசு என்று வையுங்கள். நர்சுகளுக்குக் கமிஷன் பேச வேண்டாம். அந்த வழியில் ஒருமுறை போனால் திரும்ப முடியாது. வளைகாப்புக்குக் கொண்டுபோகிற மாதிரி நைட்டியும் துண்டும் சேர்ந்த பெட்டி ஒன்று போடுங்கள். சேலை எடுத்துச் சலித்த மதினிமார்கள் வாங்குவார்கள். ஜப்லா மட்டும் அந்தப் பெட்டிக்குள் வேண்டாம்.

பெங்களூர் வேலையை இப்போது விடாதீர்கள். உங்கள் சம்பளத்தைத் தொடாமல், தைத்தவர் கூலியும் வாடகையும் கொடுத்து, அடுத்த லாட் துணியைத் தொழில் பணத்திலேயே ஆறு மாதம் தொடர்ந்து வாங்க முடிந்தால் அப்போது யோசியுங்கள். அதுவரை காலையில் வருகிற ஆஸ்பத்திரி ஆர்டரைக் கொண்டுபோய்க் கொடுக்கத் தங்கைக்கு ஒரு ஸ்கூட்டி வாங்கிக் கொடுங்கள்.